தொலைந்த திறப்பு



சென்ற மாதம் விசுவமடுவில் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். மகளின் படிப்பு விடயமாக அவருக்கு ஆலோசனை சொல்லப் போன பயணம் அது. கதைத்து முடித்து, கொப்பிகளை ஸ்கூட்டரின் சீற்றுக்குக் கீழே வைத்து அமத்திப் பூட்டிவிட்டுப் பார்த்தால் திறப்பைக் காணவில்லை.

கைப்பையைக் கொட்டினேன். முற்றத்து மணலைக் கையால் அளைந்தேன். 2010 இல் மீளக்குடியேறிய நாட்களில் வெடிபொருட்களுக்குப் பயந்து கிளறவே கூசிய மண் அது. மாலை நான்கு மணி கடந்துவிட்டது. எனக்கு அழுகை வராத குறை.

அக்கா திண்ணையில் இருந்தபடியே கேட்டார்: "மிஸ், சீற்றைத் திறந்தது எதாலை?"

திறப்பு கொப்பிகளோடு உள்ளே கிடந்தது. அமத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் சீற். பதற்றத்தில் இந்தச் சின்ன விடயம் எனக்குப் புலப்படவில்லை.

கிளிநொச்சியிலிருந்த அம்மாவுக்கு அழைத்தேன். மேலதிகத் திறப்பைக் கடித உறையில் போட்டு, முல்லைத்தீவு பஸ் நடத்துனரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பஸ் வரும்வரை அக்கா தேநீர் ஊற்றித் தந்து, தன் கதையைச் சொன்னார்.

அவரது கணவர் 2009 இல் காணாமற்போனவர். விடியப் புறம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுவதுதான் வருமானம். ஸ்கூட்டர் தவணைக் கடனில் எடுத்தது. போன வருடம் அதன் திறப்பு சந்தையில் தொலைந்தது. அன்று அவித்ததெல்லாம் வீணாகக் கூடாதென்று, பக்கத்து வீட்டுப் பெடியன் சுவிச் வயர்களை நேரடியாகப் பொருத்தி வண்டியைக் கிளப்பிக் கொடுத்தான். பிறகு யாரும் தொட்டுக் கிளப்பலாம் என்ற நிலை. இரவில் வண்டியைக் குசினிக்குள் ஏற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பாராம். ஒருநாள் பகல் வண்டியைக் காணவில்லை. அந்தப் பெடியன்தான் கேட்காமல் கடைக்கு எடுத்துப் போயிருந்தான்.

"உதவி செய்தவனிட்டை ஏன் எடுத்தனி எண்டு எப்பிடிக் கேக்கிறது, மிஸ்?"

பல்கலைக்கழகத்தில் 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். இந்தக் கேள்வி அந்தப் பக்கங்கள் எதிலும் இருக்கவில்லை.

மறுநாள் அவர் கராச்சுக்குப் போனார். "வீட்டிலை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று அங்கே கேட்டார்களாம். "வண்டியும் என்ரை, காசும் என்ரை" என்று சொல்லிவிட்டுப் பூட்டுத் தொகுதி முழுவதையும் மாற்றுவித்திருக்கிறார். வெளியில் தொலைந்த திறப்பு யார் கையில் என்று தெரியாதபோது, பிரதி மட்டும் வெட்டினால் பயம் தீராது என்பது அவர் நியாயம். சரியான நியாயம்தான்.

எனது சுவிச் சில மாதங்களாக இறுகுவதையும் சொன்னேன். திறப்பின் வெட்டுக்கள் பூட்டுக்குள் இருக்கும் சிறு தகடுகளைச் சரியான மட்டத்துக்குக் கொண்டு வந்தால்தான் அது சுழலும். தேய்ந்தாலோ புழுதி புகுந்தாலோ இறுகும். நாங்கள் உடனே தேங்காய் எண்ணெய் விடுகிறோம்; அது புழுதியைப் பிடித்து இன்னும் இறுக்கிவிடும். பென்சில் கரியைத் தூளாக்கித் திறப்பில் தடவிச் சிலமுறை போட்டெடுங்கள். பலவந்தமாகத் திருகினால் திறப்பு உள்ளேயே முறியும்.

திறப்பு நன்றாகத் திரும்பியும் வண்டி கிளம்பாவிட்டால் பூட்டைக் குறை சொல்லாதீர்கள். பிறேக்கைப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அநேக ஸ்கூட்டர்கள் அப்போதுதான் செல்ஃபில் எடுக்கும். பற்றரி இறங்கியிருந்தால், உதைக்கும் வசதியுள்ள வண்டியைக் காலால் உதைத்துக் கிளப்பலாம். ஹான்டிலைத் திருப்பும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் வயர் பழுதாக இருக்கக்கூடும். அதைக் கராச்சில் நீங்களே விளக்கிச் சொல்லுங்கள். விபரம் தெரிந்தவளிடம் வீண் செலவு காட்டத் தயங்குவார்கள்.

பல வண்டிகளின் திறப்போடு ஓர் இலக்கம் வரும். அதைக் கொப்பியில் குறித்து வையுங்கள். கடனில் எடுத்த வண்டியென்றால், இரண்டாவது திறப்பு எங்கே என்று கையெழுத்திடும் நாளிலேயே கேளுங்கள். திறப்போடு வாகனப் பத்திரங்களும் தொலைந்தால் பொலிஸில் முறைப்பாடு பதிவது அவசியம்.

ஆறரை மணிக்கு பஸ் வந்தது. உறையைப் பிரித்துச் சீற்றைத் திறந்தேன். உள்ளே கிடந்த எனது வளையத்தைத் தூக்கிப் பார்த்து அக்கா சிரித்தார். அலுவலகத் திறப்பு, அலுமாரித் திறப்பு, வீட்டுத் திறப்பு எல்லாம் அதில். "இவ்வளவு பாரமும் தொங்கினால் சுவிச் தேயாமல் என்ன செய்யும்?" என்று கத்தி முனையால் ஒவ்வொன்றாகக் கழற்றித் தந்தார்.

அடுத்த நாளே இன்னொரு பிரதி வெட்டுவித்தேன். அது இப்போது அந்த அக்கா வீட்டு மாப் பேணிக்குள் இருக்கிறது.