"பாய்காட்" யார்?

"தேர்தல் பாய்காட்", "வகுப்பு பாய்காட்" என்று பேசுகிறோம். பாய்காட் என்றால் பகிஷ்காரம், ஒதுக்கி வைப்பது. ஆனால் அது முதலில் ஒரு மனிதரின் பெயர்!

சார்லஸ் பாய்காட் இங்கிலாந்துக்காரர். பட்டாளத்தில் இருந்தவர். அயர்லாந்து நாட்டில், மேயோ மாவட்டத்தில், ஏர்ன் பிரபு என்ற நிலச்சுவான்தாருக்குக் காரியஸ்தராக இருந்தார். குத்தகை வசூலிப்பது அவர் வேலை.

25-ம் 10-ம்

விளைச்சல் கெட்டுப்போன காலம் அது. 1880-ம் ஆண்டில், குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்கும்படி குடியானவர்கள் கேட்டார்கள். பிரபுவோ 10தான் குறைத்தார். பாக்கி வைத்தவர்களை வெளியேற்ற நோட்டீசு வந்தது.

ஊர் பொங்கியது. காரியஸ்தரின் வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. தபால் கொண்டுவந்த பையனும் வரவில்லை.

வயலில் பயிர் முற்றி நின்றது. அறுக்க ஆள் இல்லை. வெளியூரிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவல், சுமார் 1,000 சிப்பாய்களும் போலீசாரும்! காப்பாற்றிய விளைச்சல் சுமார் 500 பவுன். அதற்கான செலவோ 10,000 பவுன் என்றார்கள். நவம்பர் கடைசியில் பாய்காட் ஊரைவிட்டே போனார்.

பாதிரியார் சொன்ன சொல்

இந்தப் போராட்டத்துக்கு என்ன பெயர்? அமெரிக்கப் பத்திரிகைக்காரர் ஜேம்ஸ் ரெட்பாத்தும், ஊர்ப் பாதிரியார் ஜான் ஓமாலியும் யோசித்தார்கள். "ஆஸ்டிரசிசம்" என்று ஒரு சொல் இருந்தது. அது படித்தவர்கள் சொல். குடியானவர்களுக்குப் புரியாது என்றார் பாதிரியார். "பாய்காட் செய்வது" என்றே சொல்லலாம் என்றார். இதை ரெட்பாத்தே எழுதி வைத்திருக்கிறார்.

படிக்காதவருக்கும் புரியவேண்டும் என்று பிறந்த சொல், அகராதியில் ஏறியது. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் புகுந்தது. நம் நாட்டில் அன்னியத் துணியை ஒதுக்கியபோதும் இதே சொல்தான் முழங்கியது.

யார் கையில்?

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஊரே சேர்ந்து ஓர் ஏழைக் குடும்பத்துக்குத் தண்ணீர் தராமல், வேலை தராமல், கடையில் சாமான் தராமல் ஒதுக்குவதும் உண்டு. மேயோவில் ஒதுக்கப்பட்டவருக்குக் காவல் காக்கப் பட்டாளம் வந்தது. இந்த ஏழைக்கு யார் வருவார்?

பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அவ்வாறு ஒதுக்கி வைப்பது குற்றம் என்று 2015-ம் ஆண்டின் சட்டத் திருத்தம் சொல்கிறது.

எளியவர்கள் கூடி வலியவரை ஒதுக்கினால் அது போராட்டம். வலியவர்கள் கூடி எளியவரை ஒதுக்கினால் அது கொடுமை. பாய்காட் என்று சொல்லுமுன், ஒதுக்கப்படுவது யார் என்று பார்ப்போம்!