சுவரை நக்கும் நாய்

பத்து பாகாட்டில் எங்கள் வீட்டு முன்தூணில் சாயம் உரிந்து சிமெண்டு தெரிகிறது. எல்லாம் டைகர் நக்கி நக்கி வந்த வினை. முதலில் ஒரு செருப்பு போனது, பிறகு மிதியடி, அப்புறம் தூண். சத்தம் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் அடித்தும் விட்டேன்.

அம்மாதான் தடுத்தார். “அடிக்காதப்பா. உன்னைச் சுமந்தப்ப நான் அடுப்புச் சாம்பலைத் தின்னேன். ரத்தம் இல்லன்னு டாக்டர் சொன்னாரு. இதுக்கும் அப்படித்தானோ என்னவோ.”

கால்நடை மருத்துவர் டைகரின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, தேங்காய்ப் பத்தை போல வெளுத்திருந்தது. மலத்தைப் பரிசோதித்ததில் கொக்கிப்புழு. அது குடலைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போய்விடும். ரத்தசோகை வந்த நாய் சில சமயம் மண், சிமெண்டு என்று தேடிப் போகும். பூச்சி மருந்தும் இரும்புச்சத்தும் கொடுத்தோம். சில வாரங்களில் ஈறு சிவந்தது, தூணை மறந்தது.

எல்லா நாய்க்கும் காரணம் புழுவல்ல. குட்டிக்கு 28 பால் பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கும். ஏழு மாதம் வரை ஈறு அரிப்பில் கண்டதையும் கடிக்கும். நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாய் சலிப்பில் கடிக்கும். ஓயாமல் தரையையோ சோபாவையோ நக்கினால் வயிற்றைக் கவனியுங்கள். கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி நக்கிய 19 நாய்களில் 14-க்கு இரைப்பை, குடல் கோளாறு இருந்தது. நாம் கெட்ட பழக்கம் என்று திட்டுவது, அதற்குக் குமட்டலாக இருக்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம். நூலையோ துணியையோ விழுங்கி, வாயிலோ பின்புறமோ நுனி தொங்கினால் இழுக்காதீர்கள்; குடலை அறுத்துவிடும். வாந்தி எடுத்து, சாப்பிடாமல் கிடந்தால் அன்றே கிளினிக் போங்கள். அடுத்து, கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக மனிதருக்கும் ஏறும். நாயின் மலத்தைத் தினமும் அள்ளுங்கள், பிள்ளைகளைச் செருப்போடு விளையாட விடுங்கள்.

தூணுக்கு மறுபடி சாயம் அடித்துவிடலாம். டைகரை அடித்ததுதான் இன்னும் மனதில் உறுத்துகிறது. உங்கள் நாய் சுவரை நக்கினால், கை ஓங்கும் முன் அதன் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.