நிலம் ஆடியது... கட்டடம் விழுந்தது!

வனுவாட்டு என்று ஒரு நாடு இருப்பதே நம்மில் பலருக்கு 2025 மார்ச் மாதத்தில் தான் தெரிய வந்தது. இந்திய அமலாக்கத் துறையின் விசாரணைக்கு வராமல் லண்டனில் தங்கியிருக்கும் லலித் மோடி அந்த நாட்டின் பாஸ்போர்ட்டை வாங்கினார். விஷயம் வெளியே வந்ததும் அந்நாட்டுப் பிரதமர் ஜோதம் நபாட் அதை ரத்து செய்ய உத்தரவிட்டார். நம் நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் பரபரத்தன. பசிபிக் பெருங்கடலின் மூலையில் கிடக்கும் அந்தத் தீவுக் கூட்டத்துக்கு வரைபடமெல்லாம் போட்டுக் காட்டினார்கள்.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு அதே நாட்டின் தலைநகரம் இடிபாடுகளுக்குள் கிடந்தது. அப்போது வரைபடம் போட எவருக்கும் நேரமில்லை. ஒரு கோடீஸ்வரரின் பாஸ்போர்ட்டுக்குக் கிடைத்த இடம், ஒரு நாட்டு மக்களின் கண்ணீருக்குக் கிடைக்கவில்லை. இது தான் இன்றைய பத்திரிகை தர்மம்!

2024 டிசம்பர் 17, செவ்வாய்க்கிழமை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருந்தது. தலைநகர் போர்ட் விலாவின் கடைத்தெருவில் வியாபாரம் நடந்து கொண்டிருந்த நண்பகல் 12.47 மணிக்கு, நகருக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், கடலடியில் ஐம்பது கிலோமீட்டருக்கும் கீழே நிலம் உடைந்தது. அளவு 7.3. நகரின் நடுவே பல மாடிக் கடைக் கட்டடம் ஒன்று அடுக்கிய தட்டுகள் போல ஒன்றின் மேல் ஒன்றாக அமர்ந்து விட்டது. அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன், நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளின் தூதரகங்கள் இருந்த கட்டடத்தின் கீழ்ப்பகுதி நசுங்கியது. அமெரிக்கா அங்கே தூதரகம் திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன! துறைமுகச் சாலையில் மலை சரிந்தது. தொலைபேசியும் இணையமும் அறுந்தன. விமான நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டது. மருத்துவமனை தாங்காமல், காயம்பட்டவர்களுக்கு வெளியே வைத்துச் சிகிச்சை தந்தார்கள். சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டு, பிறகு விலக்கிக் கொள்ளப்பட்டது. டிசம்பர் 22 அன்று மறுபடியும் 6.1 அளவில் ஓர் ஆட்டம்.

அரசு அறிவித்த கணக்கில் இறந்தவர்கள் 14 பேர். காயமடைந்தோர் இருநூறுக்கும் மேல்.

"14 பேர் தானா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டின் மொத்த மக்கள் தொகை மூன்று லட்சத்துச் சொச்சம். நம் நாட்டு மக்கள் தொகைக்கு அதே விகிதத்தில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ அறுபதாயிரம் உயிர். இப்போது சொல்லுங்கள், இது மூலைச் செய்தியா?

வனுவாட்டு மக்களுக்கு நிலம் ஆடுவது புதிதல்ல. எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகள். அவற்றின் மேற்கே கடலடியில் ஆஸ்திரேலியத் தட்டு கிழக்கு நோக்கி நகர்ந்து, இந்தத் தீவுகளின் அடியில் நுழைந்து கொண்டே இருக்கிறது. அந்த உரசலில் பிறந்தவை தான் அந்தத் தீவுகளே. தன்னா தீவின் யசூர் எரிமலை இன்றும் புகைந்து கொண்டிருக்கிறது. அம்பே தீவில் எரிமலை பொங்கியதால் 2017-லும் 2018-லும் தீவு மக்கள் அத்தனை பேரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. போதாக்குறைக்குப் புயல்கள். 2015-ல் பாம், 2020-ல் ஹெரால்ட். 2023 மார்ச்சில் ஒரே வாரத்துக்குள் ஜூடி, கெவின் என்று இரண்டு!

இப்படிப்பட்ட மண்ணில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த மக்கள் எப்படி வீடு கட்டினார்கள்? மரம், மூங்கில், பனையோலை. நிலம் ஆடினால் வீடும் சேர்ந்து ஆடும். சரிந்தாலும் மேலே விழுவது ஓலை. தூசி தட்டிக் கொண்டு எழுந்து விடலாம். காங்கிரீட்டும் கண்ணாடியும் வந்தது நகரத்தோடும் வியாபாரத்தோடும். காங்கிரீட் கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. ஜப்பானில் இதை விடப் பெரிய ஆட்டத்திலும் நிமிர்ந்து நிற்கும் மாடிகள் எத்தனையோ உண்டு. கணக்குப் பார்த்து, கம்பியை முறையாகக் கட்டி, தூணும் விட்டமும் சேரும் இடத்தில் கஞ்சத்தனம் செய்யாமல் கட்டினால் அது நிற்கும். இல்லையென்றால் ஓலை வீட்டில் பிழைத்திருப்பவன் மாடிக் கடையில் சாவான்.

வியாபாரப் பெருமக்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். கடை என்றால் நமக்கு என்ன வேண்டும்? முகப்பு விசாலமாக இருக்க வேண்டும், குறுக்கே தூண் நிற்கக் கூடாது, சுவரை எடுத்து விட்டு ஷட்டர் போட வேண்டும், மேலே வீடோ குடோனோ இன்னும் இரண்டு தளம் ஏற்ற வேண்டும். ஆக, கீழே காலியான பெட்டி, மேலே பாரம். நிலம் பக்கவாட்டில் உதறும்போது முதலில் ஒடிவது அந்தக் கீழ்த்தளம் தான். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் நிலம் நடுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் மாடிக் குடியிருப்புகள் விழுந்தன. விழுந்தவற்றில் பல, கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தக் காலியாக விட்டிருந்தவை. அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு தான், 2002-ல், சென்னையை நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். நமக்கென்ன என்று இருந்து விட முடியாது. சுவரை உடைக்க மேஸ்திரியைக் கூப்பிடும் முன் ஒரு பொறியாளரைக் கூப்பிட என்ன செலவாகி விடும்?

உயிர் தப்பிய வியாபாரிகளின் கதை இன்னொன்று. போர்ட் விலாவின் வணிகப் பகுதியைச் சுற்றி வேலி போட்டு விட்டார்கள். நியூசிலாந்திலிருந்து வந்த பொறியாளர்கள் கட்டடம் கட்டடமாகச் சோதித்து, புகலாம், புகக்கூடாது என்று வண்ண அட்டை ஒட்டினார்கள். கடை கண்ணெதிரே நிற்கிறது. கல்லாவைத் திறக்க முடியாது. மாதக்கணக்கில் இந்த நிலை நீடித்தது. அந்த நாட்டின் ஏர் வனுவாட்டு விமான நிறுவனம் 2024 மே மாதமே நொடித்துப் போயிருந்தது. சுற்றுலாவை நம்பிய ஊருக்கு அதுவே பெரிய அடி. அதற்கு மேல் இது. நேரடிச் சேதம் மட்டும் சுமார் 20 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு!

இந்தக் கடனை எதைக் கொண்டு அடைப்பார்கள்? நம் ஊர்ப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போவது போல, வனுவாட்டுப் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பழம் பறிக்கப் போகிறார்கள். ஊரில் அடுப்பெரிவது அந்தப் பணத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே தீவுகளிலிருந்து ஆட்களை ஏமாற்றியும் கடத்தியும் குயின்ஸ்லாந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்கள் வெள்ளைத் துரைகள். பிறகு பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக உட்கார்ந்து ஆண்டன. விடுதலை கிடைத்தது 1980 ஜூலை 30-ல் தான். அரசுக்கு இன்னொரு பெரிய வருமானம், நாம் முதலில் சொன்ன பாஸ்போர்ட் விற்பனை. அதைக் காரணம் காட்டித் தான் ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டுக்கு அளித்த விசா சலுகையை 2024 டிசம்பரில் அடியோடு நீக்கியது. அதே டிசம்பரில் தான் நிலமும் நடுங்கியது. பாஸ்போர்ட்டைக் கடைச் சரக்காக்கியது சரியென்று நாம் வாதிட மாட்டோம். ஆனால் சுரண்டிச் சென்றவர்கள் நீதிபதியாக நின்று வழியை அடைப்பதைப் பார்த்துக் கைதட்டவும் மாட்டோம்.

உதவிக்கு வந்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மீட்புப் படையை அனுப்பின. பக்கத்து நியூ கலிடோனியாவிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். சீனா உதவியது. இந்தியா ஐந்து லட்சம் டாலர் அறிவித்தது. ஆனால் முதல் நாள் இரவு இடிபாட்டைக் கையால் கிளறி, முனகல் கேட்ட திசையில் துளையிட்டு உயிர்களை மீட்டவர்கள் அந்த ஊர் மக்கள் தான். எங்கே பேரிடர் வந்தாலும் முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் விமானத்தில் எவனும் வந்து இறங்க மாட்டான். பக்கத்துத் தெருக்காரன் தான் வருவான். 2004-ல் பரங்கிப்பேட்டை ஜமாஅத் கதவைத் திறந்து மீனவ மக்களுக்குச் சோறு போட்டதை நாடறியும்.

ஒவ்வொரு நிலநடுக்கத்துக்குப் பிறகும் "அங்கே பாவம் பெருகி விட்டது" என்று தீர்ப்பெழுதும் துண்டுப் பிரசுரங்கள் நம்மிடையே உலவுவதுண்டு. போர்ட் விலாவை அடுத்த மெலே கிராமத்தில் தொழுகையை நிலைநாட்டும் சிறு முஸ்லிம் சமூகமும் இருக்கிறது. அவர்கள் காலடியிலும் நிலம் ஆடியது. சோதனை யாருக்கு, தண்டனை யாருக்கு என்பது இறைவன் மட்டுமே அறிந்தது. அதில் நமக்கு வேலையில்லை. செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது.

அது என்னவென்று அதே வனுவாட்டிலிருந்தே காட்டலாம். 1998 ஜூலை 17 அன்று பாப்புவா நியூ கினியின் வடகரையில் எழுந்த சுனாமி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு போனது. அதைப் பற்றிய வீடியோப் படம் ஒன்று வனுவாட்டில் பல ஊர்களில் காட்டப்பட்டது. பெந்தெகொஸ்ட் தீவில் மார்டெலி விரிகுடா ஓரம் இருந்த கிராமத்தாரும் அதைப் பார்த்தார்கள். சில வாரங்கள் சென்றன. 1999 நவம்பரில் ஒரு நள்ளிரவில் 7.5 அளவில் நிலம் குலுங்கியது. கடல் பின்வாங்குவதைக் கண்டார்கள். படத்தில் பார்த்தது நினைவுக்கு வந்தது. எல்லோரும் மேட்டை நோக்கி ஓடினார்கள். அலை வந்து கிராமத்தைத் துடைத்துப் போட்டு விட்டது. ஆனால் நூற்றுக்கணக்கானவர்களில் மாண்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. சைரன் இல்லை, செயற்கைக்கோள் இல்லை. ஒரு வீடியோ கேசட்!

ஐந்தாண்டு கழித்து, 2004 டிசம்பர் 26 காலையில் நம் கரையில் என்ன நடந்தது? சுமத்ரா அருகே நிலம் உடைந்த பிறகு அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடல் உள்வாங்கிய இடங்களில் வேடிக்கை பார்க்கப் போனவர்கள் உண்டு. மீன் பொறுக்கப் போன குழந்தைகள் உண்டு. தமிழகத்தில் மட்டும் சுமார் எட்டாயிரம் பேர் மாண்டார்கள். பெரும்பகுதி நாகை மாவட்டத்தில். அதே நாளில், நிலம் உடைந்த இடத்துக்கு மிக அருகிலிருந்த சிமலூ தீவில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர். அந்தத் தீவு முஸ்லிம்கள் 1907-ல் வந்த பேரலையை "ஸ்மோங்" என்று பெயரிட்டு, பாட்டியிலிருந்து பேரன் வரை கதையாகச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். நிலம் பலமாக ஆடினால் சாமானை எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. அவ்வளவு தான் கதை.

ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நல்லது தான். ஆனால் செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தியின் பொருள் புரியாதவனுக்கு அதனால் என்ன பயன்?

நாகூர், பரங்கிப்பேட்டை, குளச்சல் என்று நம் கடலோர ஊர்களில் அன்றைய அலையைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இன்று இருபது வயதைக் கடந்து கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது வெறும் தேதி. ஊர் தோறும் நம் இளைஞர்கள் முன்வந்து, ஒரு ஜும்ஆ முடிந்த மாலையில் பெரியவர்களை அழைத்துப் பேச வைத்து, அரை மணி நேரப் படம் ஒன்றைத் திரையிட்டு, ஊரில் மேடான இடம் எது, எந்தத் தெரு வழியாக ஓடுவது என்று நடந்தே காட்டலாம். மீனவக் குப்பத்தினரையும் அழைக்க வேண்டும். கடலை அவர்கள் அறிந்த அளவுக்கு நாம் அறிய மாட்டோம்.