கம்பியில் பழகிய கைக்கு நைலான் தந்தி

காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கிடார் வாசிப்பவராம். பதினைந்து வருஷமாக எஃகுக் கம்பி பூட்டிய கிடார்தான். "இப்போது நைலான் தந்திக் கிடார் ஒன்று வாங்க ஆசை. வீட்டிலோ, 'இருக்கிற கிடாருக்கு என்ன குறை, இன்னொன்று எதற்கு?' என்கிறார்கள். கடையில் விசாரித்தால், 'நைலான் சிறுபிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கு அல்லவா?' என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம். வீணாகக் கூடாது" என்று முடித்திருக்கிறார்.

வீணாகாது ஆச்சி, எதற்காக வாங்குகிறோம் என்பது தெரிந்து வாங்கினால். தெரியாமல் வாங்கினால், ஆறு மாதத்தில் அது பரணுக்குப் போய்விடும். உங்களைப் போலவே எஃகில் பழகிவிட்டு நைலானைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் வேறு பலரும் உண்டு. ஆகவே, உங்களுக்குச் சொல்வதை எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கடைக்காரரின் கேள்வி. நைலான் தந்தி விரலை அறுக்காது. அதனால் சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்பது வாஸ்தவம். இட்லியைக்கூடத்தான் முதலில் குழந்தைக்கு ஊட்டுகிறோம். அதற்காகப் பெரியவர்கள் இட்லி தின்பதில்லையா? ஸ்பெயின் தேசத்து வித்வான் ஆந்த்ரே ஸெகோவியா (1893–1987) உலகமெல்லாம் சுற்றிக் கச்சேரி மேடையில் ஏற்றி வைத்தது இந்த ஜாதிக் கிடாரைத்தான்.

அதில் நைலான் ஏறிய கதையும் சுவையானது. ஆதியில் அந்தக் கிடாரின் மெல்லிய தந்திகள் மூன்றும் ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்தவை. 1938-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி நைலானை அறிவித்தது. 1940-ல் அது பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்தது. நம் பக்கத்தில் அது புடவையாக வந்து, உதறிப் போட்டால் உலர்ந்துவிடும் என்று பெயர் வாங்கியதெல்லாம் பிற்பாடு. அதற்குள் இரண்டாம் உலக யுத்தம். குடல் நரம்பு ஆபரேஷன் தையலுக்குத் தேவைப்பட்டதால் வாத்தியக்காரர்களுக்குத் தந்தி கிடைப்பது அரிதாயிற்று. நியூயார்க்கில் வாத்தியம் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் இழையைத் தந்தியாக்கிப் பார்த்தார். ஸெகோவியா அதை ஏற்றுக்கொண்டார். மூன்று மெல்லிய தந்திகள் வெறும் நைலான். மூன்று தடித்த தந்திகள் நைலான் நாரின்மேல் உலோகக் கம்பி சுற்றியவை. இன்றும் இதுதான் வழக்கம்.

இனி, வீட்டார் கேட்ட கேள்வி. "இருக்கிற கிடாரிலேயே நைலானைப் பூட்டிக்கொள்ளக் கூடாதா?" என்றும் அடுத்தபடியாகக் கேட்பார்கள். கூடாது. ஏனென்று சொல்கிறேன். தண்டி, மெட்டு, குதிரை என்று வீணையின் வார்த்தைகளையே இங்கே கையாளுகிறேன்; வீணைக்குப் பேர்போன காரைக்குடியில் அவை விளங்காமற் போகாது.

எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ பாரத்துக்குக் குதிரையை இழுக்கின்றன. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்தால் சுமார் 40 கிலோதான். எஃகுக் கிடாரை அந்த எழுபது கிலோவுக்குத் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள். மேல்பலகைக்கு அடியில் பெருக்கல் குறிபோலக் குறுக்குச் சட்டம் இருக்கும். தண்டிக்குள்ளே இரும்புக் கம்பி ஓடும். நைலான் கிடாருக்கு மேல்பலகை மெல்லியது. அடியில் விசிறிபோல விரிந்த சின்னச் சின்னச் சட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அந்தோனியோ தே தோரஸ் என்ற கைவினைஞர் சீர்படுத்திக் கொடுத்த அமைப்பு அது. எஃகுக் கிடாரில் நைலானைப் பூட்டினால், அந்தக் கனத்த பலகையை அசைக்க அதற்குச் சக்தி போதாது. மங்கிய சத்தம்தான் வரும். நைலான் கிடாரில் எஃகைப் பூட்டினாலோ இன்னும் மோசம். நாளடைவில் குதிரை பெயரும், பலகை உப்பும், தண்டி வளையும். இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும், கருங்கல் உரலும் மரக்குந்தாணியும் போல வேறு வேறு சாமான்கள். இதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, வேறு வாத்தியம் என்றால் உங்கள் பதினைந்து வருஷக் கை என்ன ஆகும்? பாதி உதவும், பாதி புதிதாகப் பழக வேண்டும்.

இடது கையைப் பாருங்கள். சுருதி சேர்க்கும் முறை ஒன்றே. ஆகவே நீங்கள் அறிந்த ஸ்வர ஸ்தானங்கள் மாறா. ஆனால் எஃகுக் கிடாரின் தண்டி தலைப்பக்கத்தில் 43, 44 மில்லிமீட்டர் அகலம் என்றால், நைலான் கிடாரில் 52. விரற்பலகையும் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். கட்டைவிரலை மேலே வளைத்துத் தடித்த கம்பியை அமுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். கட்டைவிரல் தண்டிக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும். தண்டி பெட்டியோடு சேரும் இடமும் எஃகில் வழக்கமாகப் பதினாலாவது மெட்டு, நைலானில் பன்னிரண்டாவது. மேல் ஸ்வரங்களுக்குப் போகும்போது கை சீக்கிரமே பெட்டியில் இடிக்கும்.

இந்த அகலம் சிரமம் என்று தோன்றினால் நடுவழி ஒன்று உண்டு. எஃகிலிருந்து வருகிறவர்களுக்கென்றே தண்டியைக் குறுக்கிச் செய்கிறார்கள். உதாரணமாக, யமஹாவின் என்.டி.எக்ஸ். வரிசையில் அகலம் 48. சேருமிடம் பதினாலாவது மெட்டு. அதே கம்பெனியின் என்.சி.எக்ஸ். வரிசையும், பலரும் முதலில் வாங்கும் ஸி-40-ம் பழைய முறைப்படி 52. பாட்டுக்குத் துணையாக வாசிக்கிறவர்களுக்கு 48 சௌகரியம். கிளாஸிகல் முறையைத் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும் என்ற எண்ணமிருந்தால் கூச்சப்படாமல் 52-ஐயே எடுங்கள். அந்த இடைவெளி வலது கை விரல்களுக்காகவே ஏற்பட்டது.

உண்மையில், தீர்ப்புச் சொல்ல வேண்டியது வலது கைதான். நைலானில் நாதம் விரல் நுனியிலும் நகத்திலும் பிறக்கிறது. வலது கையில் நகம் கொஞ்சம் வளர்த்து, ராவி வழவழப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். இடது கையில் ஒட்ட வெட்ட வேண்டும். அம்மியும் பாத்திரமும் புழங்கும் கைக்கு இது ஒரு சோதனைதான்! 'பிக்' வைத்து ஓங்கி வாசித்துப் பழகியவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இந்தக் கிடாரில் பலகையைக் காக்கும் தகடு சாதாரணமாக இராது. மெல்லிய பலகையில் கீறல் விழும். ஓங்கி அடித்தாலும் ஓர் அளவுக்கு மேல் சத்தம் பெருகாது. எஃகில் கிடைக்கும் அந்த வெள்ளி மணிபோன்ற நீண்ட கார்வையும் இதில் இல்லை. நைலான் ஸ்வரம் உருண்டையாகப் பிறந்து சீக்கிரம் அடங்கும். அந்த அடக்கம் பிடித்தவர்களுக்குத்தான் இந்த வாத்தியம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் சங்கீதத்தைக் கமகத்தோடு வாசிக்கும் ஆசையில் நைலானை நாடுகிறீர்களா? அப்படியானால் பணத்தை மடியிலேயே முடிந்துகொள்ளுங்கள். வீணையில் ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்தடுத்த ஸ்வரங்களை வரவழைக்கிறார்கள் அல்லவா? அங்கே இருப்பது உலோகத் தந்தி; சிறிது இழுத்தாலும் விறைப்பு சட்டென ஏறி, சுருதி உயரும். நைலானோ நீளும் சுபாவமுள்ளது. அதே அளவு இழுத்தால் சுருதி கொஞ்சம்தான் நகரும். கமகப் பிரியர்களுக்கு எஃகே கதி.

விரல் வலிக்காக மாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நுனி விரல் எரிச்சல் நைலானில் குறையும், சந்தேகமில்லை. மணிக்கட்டிலும் மூட்டிலும் வலி என்றால் அகலத் தண்டி அதைக் கூட்டவும் கூடும். அதற்கு டாக்டரைப் பாருங்கள். கிடார் கடை மருந்துக் கடையாகாது.

இவ்வளவையும் யோசித்த பிறகும் நைலான்தான் என்று மனம் சொல்கிறதா? சந்தோஷம். மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுங்கள். படத்தைப் பார்த்துத் தபாலில் வரவழைப்பதைவிட, மடியில் வைத்துப் பார்த்து வாங்குவதுதான் உத்தமம். உங்களுக்கு நன்றாகப் பாடமான மூன்று உருப்படிகளை எல்லாக் கிடாரிலும் வாசியுங்கள். ஒன்று மெதுவானது, ஒன்று வேகமானது, ஒன்று மேல் மெட்டுகளுக்குப் போவது. ஒவ்வொன்றிலும் கால் மணியாவது வாசிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் எல்லாமே அந்நியமாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிறகு கூட வந்தவரை மீட்டச் சொல்லி, எதிரே நின்று கேளுங்கள். மடியிலிருந்து கேட்பதற்கும் எதிரிலிருந்து கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

பன்னிரண்டாவது மெட்டில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மெல்லிய பக்கம் 3 மில்லிமீட்டர், தடித்த பக்கம் 4 என்பது பொதுவான கணக்கு. எஃகைவிட இது உயரம்தான். நைலான் அகலமாக ஆடும், அதற்கு இடம் வேண்டும். அதே மெட்டில் தந்தியை அமுக்கி ஒருமுறையும், அமுக்காமல் லேசாகத் தொட்டு மணி ஓசை எழுப்பி ஒருமுறையும் வாசியுங்கள். இரண்டும் ஒரே சுருதியாக இருக்க வேண்டும். குதிரையின் பின்விளிம்பில் இடுக்கு விழுந்திருந்தால் அந்தக் கிடார் வேண்டாம்.

பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு மரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மேல்பலகை ஒரே மரத்தில் அறுத்ததா, ஒட்டுப் பலகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மரமானால் நாதம் நாளாக நாளாகத் திறக்கும் என்பார்கள், விலையும் கூடும். வெளிர் நிற ஸ்புரூஸ் பலகை தெளிவாகப் பேசும்; எஃகில் பழகிய காதுக்கு அது பக்கத்து உறவு. சிவந்த ஸீடர் பலகை தொடக்கத்திலேயே கனிந்து பேசும். ஒலிபெருக்கியில் இணைத்து வாசிக்கும் உத்தேசம் இருந்தால் அதற்கான கருவி உள்ளேயே பொருத்தியதாகப் பாருங்கள். காந்தத்தால் வேலை செய்யும் பிக்கப் நைலானுக்கு உதவாது. இரும்பில்லாத தந்தியைக் காந்தம் எப்படி அறியும்?

வீட்டுக்கு வந்த பின்பு ஒரு வாரம் பொறுமை வேண்டும். புது நைலான் நீண்டுகொண்டே இருக்கும். காலையில் சேர்த்த சுருதி மத்தியானம் இறங்கிவிடும். கிடாரில் பழுது என்று பயப்படாதீர்கள். அது தானே படியும். தந்தி மாற்றும்போது குதிரையில் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். பூத்தொடுத்த கைக்கு அது ஒரு நாள் பாடம். முற்றத்து வெயிலும் மழைச் சாரலும் படாமல், உறையிலிட்டு உள் அறையில் வையுங்கள். காற்றின் ஈரம் 45-லிருந்து 55 சதவிகிதம் இருப்பது மரத்துக்கு உகந்தது. செட்டிநாட்டுக் கத்திரி வெயிலில் மெல்லிய பலகை வெடிக்காமலிருக்க, பெட்டிக்குள் வைக்கும் சின்ன ஈரப்பதக் குப்பி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசியாக, "இன்னொன்று எதற்கு?" என்ற கேள்விக்கு உங்கள் ஊரே பதில் வைத்திருக்கிறது. காரைக்குடி வீணைச் சகோதரர்களை அறியாதார் யார்? மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். இளையவர் சாம்பசிவ ஐயர் (1888–1958) மடியில் கிடத்தி வாசித்தார். இளையவருக்கு 1952-ல் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது. சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் பலருக்குச் சொல்லியும் கொடுத்தார். இருவரும் ஜோடியாக அமர்ந்து வாசித்ததுதான் காரைக்குடிக்குப் பெயரை வாங்கித் தந்தது. ஒரே வீட்டில், ஒரே வாத்தியத்தை, அவரவர் உடம்புக்கும் மனசுக்கும் ஏற்றபடி இரண்டு விதமாகப் பிடித்தார்கள். "ஒரு வீணைதான் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று அந்த வீட்டில் யாராவது கேட்டிருந்தால் நமக்கு அந்த ஜோடி கிடைத்திருக்குமா?

ஆகவே ஆச்சி, பழைய கிடாரை விற்றுப் புதிது வாங்காதீர்கள். நாலு பேரோடு சேர்ந்து பாடும்போது எஃகு வேண்டும். வேலையெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, உங்களுக்காக நீங்கள் வாசிக்கும்போது நைலான் வேண்டும். அந்த நேரம் உங்களுக்குத் தினமும் அரை மணியாவது உண்டா என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். உண்டென்றால், சேர்த்த பணம் சரியான இடத்துக்குத்தான் போகிறது.