இளைப்பு நோயாளர் நடக்கலாமா?

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் பல போகம் வயல் செய்த பெரியவர் ஒருவருக்கு இளைப்பு நோய் கண்டுவிட்டால், "நீங்கள் இருங்கள் அப்பா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பிள்ளைகள் அவரைத் திண்ணையிலே இருத்திவிடுவது வழக்கம். அன்பினாற் செய்யும் காரியந்தான். ஆயினும் அதுவே நோயை வளர்த்துவிடுகின்றது.

நெடுநாட் புகைத்தவர்க்கும், விறகடுப்புப் புகையிலே ஆயுள் கழித்த தாய்மார்க்கும் வரும் இந்நோயில் காற்றுக் குழாய்கள் ஒடுங்கிவிடும். உள்ளே சென்ற காற்று முற்றும் வெளியேறாது தங்கும். நடந்தால் மூச்சு முட்டும். அஞ்சி நடவாதிருந்தால் காற் தசைகள் மெலியும். மெலிந்த தசை சிறு வேலைக்கும் அதிக மூச்சைக் கேட்கும். ஆகவே முன்னிலும் விரைவில் முட்டுகின்றது.

முன்னாளில் வைத்தியர்களும் ஓய்வையே விதித்தனர். 1969 இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் பெற்றி என்னும் வைத்தியரும் அவர் துணைவரும், பயிற்சியும் மூச்சுப் பழக்கமும் சேர்ந்த சிகிச்சை முறையை வெளியிட்டனர். இன்று வாரம் இரண்டு மூன்று முறையாக, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை இப்பயிற்சி அளிக்கப்படுகின்றது. பழுதுற்ற நுரையீரல் இதனாற் சீர்படுவதில்லை. கால்கள் வலுப்பெறுவதால் அதே தூரத்தைக் குறைந்த இளைப்போடு கடக்கலாம்.

இளைப்புள்ளவர் சிலர்க்கு மற்றொரு துன்பமும் உண்டு. உறக்கத்திலே தொண்டை மூடிக்கொள்ள, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, திணறலோடு மீளும். பலத்த குறட்டையும் பகலுறக்கமும் இதன் அறிகுறிகள். இவ்விரு நோயும் ஒருவரிடம் கூடினால் இரவில் இரத்தத்திலுள்ள பிராணவாயு மிகவுங் குறையும். 2011 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பன்னிரண்டு வாரப் பயிற்சியால் உடல் எடை அதிகம் குறையாதவரிடத்தும் இம்மூச்சுத் தடை ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. எனினும், 1981 இல் சிட்னி வைத்தியர் கொலின் சலிவன் வெளியிட்ட, முகமூடிவழி காற்றழுத்தந் தரும் கருவிக்கு நடை ஈடாகாது. மதுவும் வைத்தியர் சொல்லாத தூக்க மாத்திரையும் கேடு விளைப்பன.

தொடங்குமுன் வைத்தியரைக் காண்பது அவசியம். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குச் செல்லப் படகுத்துறையிற் காத்திருக்க வேண்டியதில்லை. இருதயத்தையும் பிராணவாயு அளவையும் சோதித்து, இயன் மருத்துவர் அளவு குறித்துத் தருவார்.

வெயில் ஏறுமுன், தான்தோன்றீச்சரர் ஆலய வீதி போன்ற சமதரையில் நடப்பது நன்று. முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். சில நாளுக்கு ஒரு முறை சிறிது கூட்டலாம். நடக்கையிற் பேச முடியவேண்டும். பாட முடியுமாயின் வேகம் போதாது. மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவார்போல் உதடு குவித்து, இழுத்ததினும் இரு மடங்கு நேரம் மெல்ல விடுக. நெஞ்சு நொந்தாலோ, தலை சுற்றினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே நின்று உதவி நாடுக.

பிள்ளைகளே, இனி அப்பாவைத் திண்ணையில் இருத்தாது, காலையிற் கைப்பிடித்துக் கூடவே நடந்து வாருங்கள்.