கடன் வாங்கிக் கழித்தல்

42-இல் 17 போக 35 என்று எழுதும் பிள்ளைக்குக் கணக்கே வராது என்பதில்லை; கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் தடுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஏழாம் வகுப்பில் இயற்கணிதத்தை முடிக்க ஓடும் ஆசிரியருக்கு அதைக் கண்டுபிடிக்க நேரமேது? டெல்லியில் பள்ளி விட்டபின் நடந்த ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கணினிவழிக் கற்றல் மையங்களில் கணினி அதைக் கண்டது. பிள்ளை நிற்கும் படியிலிருந்தே அடுத்த கணக்கைக் கொடுத்தது. 2015-இல் பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரன் குழு இந்த மையங்களைப் பற்றி 619 மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், நாலரை மாதத்திலேயே கணிதத்தில் தெளிவான முன்னேற்றம். ஆனால் அங்கே கணினிக்கு 45 நிமிடம் என்றால், பயிற்றுநரோடு சிறு குழுவாக உட்காரவும் 45 நிமிடம். இதைத்தான் யாரும் பேசுவதில்லை. கணினி வாங்க டெண்டர் விடும் அரசுகள் அந்தப் பயிற்றுநரின் சம்பளத்தையும் பட்ஜெட்டில் எழுதட்டும்.