கைமாறியது பெயர் மட்டும்

2019 மே மாதம், புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடைக்கு வரும் நண்பர் ஒருவர் என்னைக் கண்டதும் கை குலுக்கினார். "வெள்ளைக்காரன் பொம்மைக் கடையையே நம்மாளு வாங்கிட்டாரு, பாத்தீங்களா?" லண்டன் ஹாம்லீஸை ரிலையன்ஸ் வாங்கிய செய்தி. 1760இல் தொடங்கிய கடை, விலை சுமார் 6.8 கோடி பவுண்டு. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

முதலில், அதை நாம் வெள்ளைக்காரனிடம் வாங்கவே இல்லை. 2003இல் ஐஸ்லாந்துக்காரர்கள் வாங்கினார்கள். 2012இல் பிரெஞ்சு நிறுவனமான லூடெண்டோ. 2015இல், பெண்களுக்கான காலணி விற்கும் சி.பேனர் என்ற சீன நிறுவனம், 10 கோடி பவுண்டுக்கு. அவர்கள் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டதுதான் நம் கைக்கு வந்தது. இத்தனை கைமாற்றத்திலும் பொம்மை செய்கிறவர் எங்கேயாவது வருகிறாரா?

பொம்மை ரயிலை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் பச்சையாகத் தெரியும். ஃப்ராங்க் ஹார்ன்பி 1920இல் லிவர்பூலில் பொம்மை ரயில் விற்கத் தொடங்கினார். 1964இல் அவருடைய கம்பெனியைப் போட்டியாளரான லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கியது. வாங்கி என்ன செய்தார்கள்? மார்கேட் ஆலையில் தாங்கள் ஏற்கெனவே செய்துவந்த ரயில்மேல் ஹார்ன்பி பெயரையும் ஒட்டினார்கள். லிவர்பூல் ரயில் நின்றுபோனது. 1990களில் மார்கேட் வேலையும் சீனாவுக்குப் போனது. 2004இல் ஹார்ன்பி நிறுவனம் இத்தாலியின் லீமாவை வாங்கியபோது, கூடவே பிரெஞ்சு ரயில் பொம்மையான ஷூயெஃபும் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் சொத்தை ஆங்கிலேயர் பிடிப்பது எங்க ஊருக்குப் புதுசில்லை. 1761இல் ஊரையே இடித்தார்கள். ஆனால் அதைத் திருப்பியாவது கொடுத்தார்கள்.

"யாரும் வாங்காம விட்டா அந்தப் பெயரே செத்துப்போயிருக்குமே" என்பார்கள். சரிதான். ஜெர்மனியின் மார்க்லின் 2009இல் திவாலானது, 2013இல் சிம்பா டிக்கி குழுமம் வாங்கியது. கோப்பிங்கனில் இன்றும் ரயில் செய்கிறார்கள். ஆலையையும் ஆட்களையும் சேர்த்துக் காப்பாற்றினால் அதை நானும் பாராட்டுவேன். கடைப்பலகையை மட்டும் வாங்குவதற்கு எதற்குக் கைதட்டல்?

இங்கே பொம்மை இறக்குமதி வரியை 2020இல் 20லிருந்து 60 சதவீதமாக்கினார்கள், 2023இல் 70. சுவர் எழுப்பியாயிற்று. அதன் நிழல் யார்மேல் விழுகிறது? எங்கள் பக்கத்து வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தச் சான்றிதழைச் சக்கரத்தில் வைத்துச் சுற்ற முடியாது, வாங்க ஆள் வேண்டும். நம்மாளிடம் இப்போது உலகப் புகழ்பெற்ற கடை இருக்கிறதே! லண்டன் கடையில் ஒரு தட்டை வில்லியனூர்ப் பொம்மைக்கு ஒதுக்கட்டும். செய்தவர் பெயர் அதில் இருக்கட்டும், அவர் சொன்ன விலையைக் கொடுக்கட்டும்.

அன்றைக்கு நண்பரைத் தேடிப்போய் நானே கை குலுக்குகிறேன்.